முனீஸ்வரனிடம் நிற்காத வண்டி

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மலைக்கு எங்கே போவது? காவிரிக்கரைதான் எங்களுக்கு மலை. கரைக்கு உள்ளே படுகையில் எங்கள் வாழை. தார்களைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறும்போது என் பழைய முந்நூற்றைம்பது சிசி பைக் பாதியில் நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன்பே நான் சம்பாதித்து வாங்கிய வண்டி. நான் இறங்கித் தள்ளுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன என் கணவர், "ஞாயித்துக்கிழமை வண்டிய வாங்க ஆள் வராரு. குடுத்துட்டு ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கிடுவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

விடுவேனா? ராக்கர் ஆர்மில் கை வைத்தேன். அது எஞ்சின் தலைக்குள் இருக்கும் சின்ன சீசா பலகை. ஒரு முனையைக் கீழிருந்து கம்பி தள்ளும்; மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். நடு அச்சு கம்பிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தால், அதே தள்ளலுக்கு வால்வு கூடுதலாகத் திறக்கும். காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போகும்; இழுவை கூடும். அப்படி விகிதம் கூடிய ஒரு ஜோடியைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். பார்சல் வந்த அன்றே எஞ்சின் தலையைக் கழற்றினேன்.

கூடுதலாக இறங்கும் வால்வு பிஸ்டனில் இடித்தால் கதை முடிந்தது. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைப் பிஸ்டன் மேல் அப்பி, மூடி, எஞ்சினைக் கையால் சுற்றினேன். "மிச்ச மாவுலயாச்சும் சப்பாத்தி போடுவியா?" என்றார் கணவர். திறந்து பார்த்தால், வால்வு பதிந்த இடத்தில் மாவு நல்ல கனமாகவே இருந்தது. இடிக்காது.

சனிக்கிழமை கல்லணைச் சாலையில் முறுக்கினேன். வண்டி பறந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

ஞாயிறு காலை தார்களோடு கரைக்கு வந்தால், பாதிச் சரிவில் பழைய குருடி கதவைத் திறடி. அழுகை முட்டியது. "விடு, வாங்கறவரு வர்ற நேரம்" என்றார் பின்னாலேயே நடந்து வந்த கணவர்.

அப்போதுதான் சரிவின் அடியில் இருந்த முனீஸ்வரன் கண்ணில் பட்டார். படுகையிலிருந்து ஏறுகிற யாரும் அவர் முன் நின்று ஒரு கும்பிடு போட்டுத்தான் ஏறுவார்கள். நானும் நின்றுதான் கிளம்பினேன். புது ஆர்ம் தன் வேலையைக் காட்டுவதோ எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். நின்று கிளம்பினால், அந்த வேகம் வருவதற்குள் சரிவு வந்துவிடுகிறது.

"இந்தத் தடவ நிக்க மாட்டேன்" என்றேன்.

"சாமி குத்தம் ஆயிடும்."

நான் வண்டியைத் திருப்பினேன். அவரும் பின்னால் இறங்கி வந்தார். பிறகு, "நீ போ. உனக்கும் சேத்து நான் கும்பிட்டுக்கறேன்" என்று முனீஸ்வரன் முன்னால் செருப்பைக் கழற்றினார்.

வாழைக்கு நடுவிலிருந்தே வேகம் பிடித்தேன். இரண்டாவது கியர். முனீஸ்வரனைக் கடந்தேன், சரிவு வந்தது, எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. கரை மேல் ஏறிய பிறகுதான் மூச்சே விட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். கூப்பிய கை கூப்பியபடி, முனீஸ்வரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் வண்டியைப் பார்த்து நின்றிருந்தார் மனிதர். பிறகு போனை எடுத்தார். "வர வேணாங்க. வண்டி குடுக்கறதா இல்ல" என்று அவர் சொன்னது கரை மேல் வரை கேட்டது.