லைன் எடுக்கிற பிள்ளை

என் மகளுக்கு ஒரு தொலைபேசி எண்கூடப் பாடமில்லை. பெற்ற தாயின் எண்ணைக் கேட்டாலும் திருதிருவென முழிப்பாள். படத்தைத் தொட்டால் ஊரிலிருக்கும் பெரியம்மா பல் துலக்கியபடியே வந்து நிற்கிறார், பிறகெதற்கு எண்? அவளுடைய வயதில் நான் எங்கள் வீட்டில் லைன் எடுக்கிற பிள்ளையாக இருந்தேன். அப்படியும் ஒரு உத்தியோகம் இருந்ததா என்று சிரிக்கிறாள்.

இருந்தது. சண்டை கொஞ்சம் ஓய்ந்து, யாழ்ப்பாணத்து வீடுகளுக்குத் தொலைபேசி வந்திருந்த நேரம். லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் போன் கார்ட் விற்பார்கள். அதன் சாம்பல் பூச்சை நகத்தால் சுரண்ட வேண்டும். அழுத்திச் சுரண்டினால் இலக்கமும் சேர்ந்து போய்விடும். முதலில் கார்ட்காரரின் எண், அடுத்து சுரண்டி எடுத்த நீளமான எண், அதன்பின் இலங்கைக்குரியது, கடைசியில் ஊர் வீட்டு எண். நடுவில் தடுமாறினால் ஒரு வெள்ளைக்காரியின் குரல் குறுக்கிட்டு, மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, லைனைத் துண்டித்துவிடும். பெரியவர்களுக்கு அவளென்றால் நடுக்கம். விரல் பிசகி, கார்ட்டையும் அவளையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

எனக்கு அவள் ஒரு பொருட்டே இல்லை. இரைச்சலைக் கேட்டே லைன் பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்லிவிடுவேன். மேல்வீட்டு அங்கிள்கூடத் தன் கார்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். "பிள்ளைக்கு நல்ல கைராசி" என்பார். பத்து வயதுப் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏற அதற்குமேல் என்ன வேண்டும்?

ஞாயிறு மத்தியானம் அம்மா ஊருக்குக் கதைக்கும் நேரம். அங்கே அம்மாவின் தகப்பன், எங்கள் அம்மப்பா, கதிரையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். ஒரு ஞாயிறு, பெற்றோல் நிலையத்தில் வேலைக்குப் போயிருந்த அப்பா, ஷிப்ட் முடியாமலே வீட்டுக்கு வந்தார். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, இண்டைக்கு அம்மா லைன் எடுக்கச் சொன்னால் பிழையா அமத்து. கிடைக்கேல்லை எண்டு சொல்லு. சவுத்தாலில இருந்து மாமா வருமட்டும்தான்."

"ஏன் அப்பா?"

"பிறகு சொல்லுறன். அப்பா சொன்னதைக் கேளம்மா."

அவருடைய கண்கள் சிவந்திருந்தன. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். எனக்கு என் கவலை. இத்தனை நாளாகக் கட்டிக்காத்த பெயர், சொந்தத் தகப்பனாலேயே கெடப் போகிறதே என்று அழுகை வந்தது.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் எல்லா எண்ணையும் ஒழுங்காக அமத்தி, ஊர் வீட்டு எண்ணில் மட்டும் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டேன். வெறும் இரைச்சல். "கிடைக்கேல்லை அம்மா." திரும்பவும் அப்படியே செய்தேன். மூன்றாம் தரம் அம்மா தொலைபேசியைப் பார்க்கவில்லை. யன்னலடியில் வேலைச் சட்டையோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"காணும், விடு பிள்ளை. இண்டைக்கு லைன் இல்லைப் போலை."

லைன் கிடைக்காவிட்டால் என் விரல் நோகும்வரை விடாத அம்மா, அன்று இதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. பாதி வெந்த மீன்குழம்பை இறக்கி மூடிவைத்தார். ஹோலில் கிடந்த சோபாவைத் தனியாகவே சுவரோரம் தள்ளினார். சின்ன மேசையை அறைக்குள் கொண்டுபோனார். தோய்த்த படுக்கை விரிப்புகளை எடுத்துக் கார்ப்பெட்டின்மேல் விரித்தார். அப்பா தயங்கித் தயங்கி, "இப்ப என்னத்துக்கு இதெல்லாம்?" என்றார்.

"தூசியாக் கிடக்கு" என்றார் அம்மா.

என்மேல் உள்ள கோபத்தைத்தான் சோபாவில் காட்டுகிறார் என்று முடிவுகட்டி, நான் என் அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறிக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் அம்மாவின் அண்ணனான மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமி வாசலிலேயே அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அப்போதுதான் அம்மப்பா செத்துப்போன செய்தி என் காதில் விழுந்தது. மாமா அப்பாவின் வேலையிடத்துக்குப் போன் எடுத்து, தான் வந்து பக்கத்தில் நிற்கும்வரை தங்கச்சிக்குச் சொல்லவேண்டாம் என்றாராம். தாங்கிப் பிடிக்க ஆளில்லாத வீட்டில் செத்தவீட்டுச் செய்தியை எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். அம்மா குழறி அழுதார். பின்னால் வந்த சனமெல்லாம் விரிப்பில் இருந்தது. வீடு எப்படி ஆயத்தமாக இருந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, கார்ட்டைக் கையில் தந்தார்.

"இப்ப சரியா அமத்து, பிள்ளை."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முதல் தரத்திலேயே லைன் பிடித்தது. அத்தனை பேர் அழுதுகொண்டிருக்க, என் கைராசி திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோசம்.

நான் பிழையாக அமத்தியதை அப்பாதான் சொல்லியிருப்பார் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். போன மாதம், மகளுக்குப் போன் கார்ட் கதை சொல்லும்போது அம்மா பக்கத்தில் இருந்தார்.

"கொப்பா ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒவ்வொரு சத்தமெல்லே. எங்கடை வீட்டு நம்பர் எனக்குப் பாட்டு மாதிரி. நீ ஒண்டை விட்டிட்டாய். கைதவறிச் செய்யிற பிள்ளை இல்லை நீ. கொப்பாவைத் திரும்பிப் பாத்தன், விளங்கிட்டுது."

"ஏனம்மா அப்பவே கேக்கேல்லை?"

"கேட்டால் அந்தாள் சொல்லவேண்டி வரும். பாவம், அவருக்கு அது ஏலாது."

அப்பாவும் நானும் அன்று அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தோம். அந்தப் பின்னேரம் முழுக்க அவர் தகப்பன் இல்லையென்று தெரிந்தே, அழ ஒரு தோள் வரும்வரை, சோபாவைத் தள்ளிக்கொண்டு தனியாக நின்றிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த நான், அம்மா வந்து என்னைச் சமாதானப்படுத்துவார் என்று காத்திருந்தேன்.