அக்கா உதறிய சட்டைகள்

என் அத்தான் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் ஈயம் உருக்குகிறவர். ஈயம் உடம்பில் ஏறினால் ஞாபகசக்தியைத் தின்றுவிடும் என்று அக்கா எங்கேயோ கேள்விப்பட்டாள். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் காவல் காத்தாள்.

மருந்துக் கடைக்காரர் சொன்ன விட்டமின் சி, விட்டமின் ஈ மாத்திரைகள் அத்தானுக்கு மட்டும். ஆரஞ்சு வாங்கினாலும் அவருக்குத்தான். அவர்களோடு இருக்கும் நான் ஒரு சுளையில் கை வைத்தால், "நீ என்ன ஈயமா உருக்குற?" என்பாள். சாப்பிட உட்கார்ந்ததும் அவருக்குப் பரீட்சை வேறு. நேற்று வீட்டுக்கு யார் வந்தது, கேஸ் சிலிண்டர் எப்போது மாற்றினோம் என்று கேட்பாள். பாவம் மனுஷன், வாயில் சோற்றோடு எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வார்.

"பாத்தியாடி, மாத்திரை வேலை செய்யுது" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாள்.

வேலைத் துணியைப் பட்டறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வரவேண்டும் என்பது அங்கே விதி, துணியைப் பட்டறைக்காரர்களே வெளுத்துத் தருவார்கள். ஆனால் அக்காவிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

"எல்லார் துணியையும் ஒரே தொட்டியில ஊற வைக்கிறாங்க. அடுத்தவங்க ஈயமும் சேர்ந்து உங்க சட்டையிலதான் ஏறும். வீட்டுக்குக் கொண்டாங்க."

அத்தான் வாதாடித் தோற்று, தினமும் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். அவர்மேல் தூசி படக்கூடாதென்று குளியலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக உதறி ஊற வைப்பாள். இருமிக்கொண்டே வெளியே வருவாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, கேஸ் எப்போது மாற்றினோம் என்று கேட்டாள். அத்தான் சொன்னார். தட்டு காலியாவதற்குள் அதையே மறுபடியும் கேட்டாள். வம்புக்கு இழுக்கிறாள் என்று நான் சிரித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டபோது அத்தான் பிசைந்த கையோடு அவளையே பார்த்தார்.

அத்தானுக்குப் பரிசோதனை என்று சொல்லித்தான் அவளைக் கிளப்ப முடிந்தது. டாக்டரம்மா இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முடிவைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தானைவிட அக்காவின் ரத்தத்தில் இரண்டு மடங்கு ஈயம்.

"அவர் முகமூடி போட்டுக்கிட்டு வேலை செய்யறாரு. நீங்க மூடின ரூம்ல வெறும் மூக்கோட அந்தத் தூசியைச் சுவாசிச்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

"விட்டமின் மாத்திரை வாங்கி வச்சிருக்கேனே" என்றாள் அக்கா.

"அது கொஞ்சம் துணை செய்யலாம்மா. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததுல ஞாபகம் ஓரளவு தப்பிச்சிருக்கு. ஆனா உள்ள போற ஈயத்தை அது தடுக்காது. இனிமே அந்தத் துணி வீட்டுப் பக்கமே வரக்கூடாது. ஈயத்தைக் குறைக்க மருந்து தரேன். போன ஞாபகம் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"நான்தானே பையில போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்" என்றார் அத்தான். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் யார்மேல் எரிந்து விழுவது என்றுதான் எனக்கு இருந்தது.

அவர் மருந்து வாங்கப் போனார். நானும் அக்காவும் படியிறங்கினோம். பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மா என்னடி சொன்னாங்க? அவருக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவருக்கு ஒண்ணும் இல்லக்கா."

"அப்பாடா" என்று சிரித்தபடி இறங்கினாள்.