கை அளக்க வந்த மாப்பிள்ளை

சித்தியைப் பெண் பார்க்க ஜொகூர் பாருவிலிருந்து வந்த மாப்பிள்ளை, ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்தபடி ரயிலிலிருந்து இறங்கினார். அப்பா அப்போது மலாயாவில், லாபிஸ் என்ற சிற்றூரில் ஸ்டேஷன் மாஸ்டர். எனக்கு எட்டு வயது. மாப்பிள்ளை மின்சார எஞ்சினியர். அவருக்குச் சம்மதமென்றால் மாலை வண்டிக்கு முன்பே நாள் குறித்துவிடுவதாக ஏற்பாடு. சித்தியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பலகாரத்துக்குப் பிறகு பெட்டி திறந்தது. உள்ளே ஒரு பாட்டரி, கண்ணாடிக்குள் மெல்லிய முள், கம்பி கட்டிய இரண்டு பித்தளைக் குழாய்கள். ஒரே கம்பியைத் தொட்ட இரண்டு தொழிலாளரில் ஒருவர் செத்துப்போனாராம்; மற்றவர் எழுந்து வீட்டுக்கு நடந்தாராம். ஏனென்று கண்டுபிடிக்க, போகிற இடமெல்லாம் மனிதர் கைகளை அளந்து நோட்டில் எழுதிவந்தார். கை வேர்த்தால் மின்சாரம் கூடுதலாக ஓடும், முள்ளும் நகரும் என்றார்.

"பொம்பிளை பார்க்க வந்தவரோ, கரண்ட் வைக்க வந்தவரோ?" என்று அம்மா குசினிக்குள் அடுப்பை ஊதியபடி முணுமுணுத்தாள்.

அப்பா குழாய்களைப் பிடித்தார். முள் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு சித்தி பிடித்தாள். அப்பா கலியாண மாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்நேரம் வாசலில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் குரல் கேட்டது. "மாஸ்டர், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொண்டு வந்திருக்கிறன். ஆரும் இருக்கிறியளோ?"

முள் விளிம்புவரை ஓடிப்போய் நின்றது. அதைப் பார்த்தது மாப்பிள்ளையும் நானும் மட்டுமே. சித்தி தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளை உடனே கம்பியைக் கழற்றினார். "பாட்டரி பழுதாப்போச்சு" என்றார். நோட்டில் சித்திக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அப்பா நாளைப் பற்றிக் கேட்டபோது, கடிதம் போடுவதாகச் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கியது.

மாலையில் பிளாட்பாரத்தில், என் கையையும் அளக்கச் சொல்லி நச்சரித்தேன். பெட்டியைத் திறந்தார். முள் துள்ளியது.

"பாட்டரி நல்லாத்தானே வேலை செய்யுது!"

"ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த டிரெஸ்ஸர் கலியாணம் கட்டிட்டாரோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை."

"நல்ல மனிசனோ?"

"ஊசி மட்டும் நோகக் குத்துவார்."

சிரித்துக்கொண்டே டிரெஸ்ஸரின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதினார். அப்பாவுக்குப் போடும் கடிதத்தில் அவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதவேண்டும் என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் டிரெஸ்ஸரை எச்சரித்தேன். "சித்தியைப் பார்க்க வந்த எஞ்சினியர் உங்கட பேரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்தது உங்கட கைதான். துடைச்சு வையுங்கோ!"

அவருடைய கை அப்போதே வேர்த்து நனைந்திருந்தது. பாவம், காய்ச்சல் என்று நினைத்தேன்.