கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஒரு வளைகாப்பு

போன மாதம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வளைகாப்பு.

என் மைத்துனன் சேகரின் வீடு அது. அவன் மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். விழாவை எங்கே வைத்தான் தெரியுமா? கீழே அவ்வளவு பெரிய ஹால் இருக்க, மாடியில் புதிதாகப் போட்ட டெக் என்கிற திறந்த பலகைத் தளத்தில்! கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே, மாடி அறைக் கதவிலிருந்து வெளியே நீட்டி இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, அதன்மேல் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகை. பார்க்க அசல் தேக்கு மாதிரியே இருக்கும். கரையான் அரிக்காது, பாலிஷ் வேண்டாம் என்று சேகர் பேசிப் பேசியே எங்கள் காதைத் துளைத்துவிட்டான்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். பலகை மெத்தென்று அமுங்கியது. சற்றுத் தள்ளி இரண்டு பலகைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு புடைத்து நின்றன. சேகரிடம் சொன்னேன்.

"அது ஸ்பிரிங் எஃபெக்ட் மச்சான். காலுக்கு நல்லது" என்றான். என்ன ஒரு தைரியம் பாருங்கள்...

கவிதாவை ஒரு கனமான மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நம் வளைகாப்புகளில் கூட்டம் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? சந்தனம் பூச ஒருத்தி, வளையல் போட ஒருத்தி, அடுத்து நான்தான் என்று முந்துகிறவர்கள், செல்போனில் படம் பிடிக்கிறவர்கள் – அத்தனை பேரும் அந்த ஒரு நாற்காலியைச் சுற்றி!

மடார் என்று ஒரு சத்தம்.

நாற்காலியின் பின்கால் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. கவிதா மல்லாந்து சாய்ந்தாள். பக்கத்தில் நின்ற என் மனைவிதான் அவளை அப்படியே தோளோடு அணைத்து இழுத்தாள். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடி, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

திரும்பி வந்து அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். நேர் கீழே என் கார்.

கீழே இறங்கி அண்ணாந்து பார்த்ததும் அதிர்ந்துபோனேன். ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவில் என் உடம்பே நுழைந்துவிடும். நானோ ஒல்லி இல்லை. அடிக்கு ஒரு குழாய் வர வேண்டும் என்று பலகை விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னாராம். இங்கே மூன்றடிக்கு ஒன்று! வெயிலில் பலகை விரிய நடுவில் இடம் விடுவதற்கென்றே கொடுத்த கிளிப்புகள் கவர் பிரிக்காமல் கிடந்தன. அதற்குப் பதில், தகரக் கூரைக்கு முறுக்குகிற ரப்பர் வாஷர் ஸ்க்ரூ. மதுரை வெயிலில் பலகைகள் முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மறுநாள் அவனியாபுரத்திலிருந்து பட்டறைக்காரர் வந்தார். வெல்டிங் செய்தவர் அவர்தான். உடைந்த பலகையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"பக்கத்து வீட்டு மொட்டைமாடி ஷெட்டு மாதிரியே அடிக்கச் சொன்னீகளேண்ணே. தகரத்துக்கு இம்புட்டு இடைவெளி போதும்ண்ணே. அதுமேல யாரு நடக்கப் போறா?"

சேகரைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தான். அந்த ஷெட் சூறைக்காற்றுக்கே அசையவில்லையாம். அதனால் இதற்கும் அதே போதும் என்று சொல்லிவிட்டானாம். சொன்னவரும் யோசிக்கவில்லை, செய்தவரும் கேட்கவில்லை. கூரை மழையைத் தாங்கினால் போதும். தரை அப்படியா?

நம் ஊரில் இரும்புக் குழாய் என்றாலே எல்லோர் கண்ணுக்கும் மொட்டைமாடி ஷெட்தான் தெரிகிறது போல. தலைக்கு மேலே போடுவதையும் காலுக்குக் கீழே போடுவதையும் ஒரே அளவில் போடுகிற துணிச்சல் வேறு யாருக்கு வரும்?

எல்லாவற்றையும் பிரித்தார்கள். அடிக்கு ஒரு குழாய் வைத்து, இடைவெளி விட்டு, கிளிப் போட்டு மாட்டினார்கள். போன வாரம் போயிருந்தேன். சாயங்காலம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கவிதா மாடிக் கதவு வரை வந்தவள், வயிற்றில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"அப்பா, நீங்க மொதல்ல போயி நில்லுங்க."

சேகர் போய் நின்றான். அவள் நகரவில்லை. அவன் குதித்தும் காட்டினான். அதன் பிறகுதான் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

நானா? காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன்.