சண்டாக்கானுக்குப் போகவில்லை

1. இரண்டு வார்த்தை

பொது நிர்வாகப் படிப்பின் முதல் வகுப்பில், ஏன் படிக்க வந்தீர்கள் என்று லெக்சரர் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். வாரக் கடைசியில் மட்டும் நடக்கும் வகுப்பு. போலீஸ்காரர், மருத்துவமனையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என்று எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். சம்பளம் கூடும், கிரேடு ஏறும் என்றார்கள். என் முறை வந்ததும், "இரண்டு வார்த்தை எழுதணும் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நில அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கிராணி. வீடு லூனாஸில். எங்கள் கோப்பின் இடது பக்கத்தில் மினிட் தாள் இருக்கும். மனுதாரர் யார், எந்த நிலம், சட்டம் என்ன சொல்கிறது, என்ன செய்யலாம் என்று கிராணி அரைப் பக்கம் எழுதி, 'தங்கள் முடிவுக்கு' என்று முடிக்க வேண்டும். அதன் கீழே அதிகாரி 'ஒப்புதல். தொடர்க' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கோலா கெத்தில் ஊர் அம்மா ஒருவரின் நில மனுவுக்கு நான் மூன்று முறை சாதகமாக எழுதினேன். மூன்று முறையும் 'பிறகு பார்க்கலாம்' என்று திரும்பி வந்தது. அதைக் கவுண்டரில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நான்தான். அன்றுதான் படிப்புக்கு விண்ணப்பப் பாரம் வாங்கினேன்.

2. ஆறு வருடம்

என் கணவர் அந்தோணிக்குக் கூலிமில் பேக்டரி வேலை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வகுப்பில் விடுவார். வகுப்பு முடியும்வரை சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். பொதுக்கொள்கை, நிர்வாகச் சட்டம், பட்ஜெட் என்று ஒவ்வொரு பாடமாக ஏறினேன். அலுவலகக் கடிதம் எழுதும் பாடத்தில் மட்டும் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

நாற்பத்திரண்டில் பட்டம் கிடைத்தது. அதிகாரி வேலைக்கு நேர்முகம் வந்தது. "இந்த வயசுல ஏன்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"பதினெட்டு வருஷமா அதிகாரிங்க கையெழுத்து போடறதையெல்லாம் நான்தான் சார் எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றேன். மலாயில் சொன்னபோது இன்னும் கொஞ்சம் பணிவாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

3. கடிதம்

வேலை கிடைத்தது. கடலுக்கு அப்பால் சபாவில், சண்டாக்கானில், ஒரு மத்திய இலாகாவின் கிளையில் நிர்வாக அதிகாரி. ஒரு மாதத்தில் போய்ச் சேர வேண்டும்.

அந்தோணிக்கு ஸ்ட்ரோக் வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. இடது கை சரியாக வராது. கம்பியைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"போ ஸ்டெல்லா" என்றார். "தங்கச்சி பக்கத்துலதானே இருக்கா. பாத்துக்குவா லா."

"உங்கள இப்படி விட்டுட்டு எப்படிங்க போறது?"

"நான் இருக்கச் சொன்னேனா? நாளைக்கு என் தலைல போடாத."

பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேசையில் உட்கார்ந்து, வாய்ப்பை ஏற்க இயலாததற்கு வருந்துகிறேன் என்று மூன்று வரி எழுதினேன். ஒரு பிழை இல்லை. மறுநாள் என் அதிகாரியம்மா புவான் ரொஹானியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். கடிதம் போய்விட்டது.

எட்டு மாதத்தில் அந்தோணி கைத்தடி இல்லாமல் சந்தைக்கு நடந்து போனார்.

4. இன்னொருவர் கோப்பு

மூன்று வருடம் கழித்து என்னை ஊழியர் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகளை அடுக்கும்போது, எங்கள் அலுவலகத்திலிருந்து அதிகாரியாகப் போன ஒருவரின் கோப்பு கைக்கு வந்தது. எனக்குக் கடிதம் வந்த அதே மாதம்தான் அவருக்கும் வந்திருந்தது. அவருக்கு சபாவை அடுத்த சரவாக். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆறு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று ஒரே பக்கத்தில் கேட்டு எழுதியிருந்தார். அதற்குப் பின்னால் பதில்: அனுமதிக்கப்படுகிறது.

அந்த ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

புவான் ரொஹானி அதற்குள் அலோர் ஸ்டாருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். போன் செய்து, "ஏன் புவான் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கல ஸ்டெல்லா. முடிவா எழுதிக் கொண்டு வந்த. உன் வீட்டு விஷயத்துல நான் நுழையக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கோபிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

அந்தோணியிடம் இதைச் சொல்லப் பல வருடம் ஆனது. மறுபடி ஒரு வாய்ப்பும் வரவில்லை. கிராணியாகவே ஓய்வு பெற்றேன்.

5. போனோம்

ஓய்வு பெற்றபின் ஒருநாள் கோப்பு விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் சண்டாக்கானுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார்.

போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அலுவலகத்தைத் தேடிப் போனோம். கதவு பூட்டியிருந்தது. கெடாவில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அங்கே விடுமுறை. இத்தனை வருடம் அரசாங்க வேலை பார்த்தவளுக்கு அது தோன்றவே இல்லை. ஊர் திரும்பும் எங்கள் விமானம் திங்கள் காலை ஏழு மணிக்கு.

"விடுங்க, வெளியிலயாவது பாத்தாச்சே" என்றேன். சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. போனை எடுத்து விமானக் கம்பெனியைக் கூப்பிட்டேன். "டிக்கெட்ட மாலைக்கு மாத்த முடியுமா?" முடியும் என்றாள் அந்தப் பெண்.

படித்து முடித்து இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். எப்படி எழுதுவது என்று ஆறு வருடம் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஊரார் மனுவுக்கெல்லாம் எழுதினேன். எனக்கு மட்டும் மறுப்புதான் எழுதத் தெரிந்தது. முடியாது என்று எழுதும் முன், முடியுமா என்று ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு உள்ளே போனோம். பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முக்காடு போட்ட ஓர் இளம் அதிகாரி கோப்பின் இடது பக்கத்தைத் திருப்பி, எதையோ படித்து, கீழே சுருக்கமாக எழுதினாள்.

"என்ன எழுதறா?" என்று அந்தோணி மெதுவாகக் கேட்டார்.

"இங்கேர்ந்து தெரியலங்க" என்றேன். கூப்பிடும்வரை காத்திருப்பவர்களைப்போல, வரிசை எண் எதுவும் எடுக்காமல், மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.