இறக்கத்தைப் பார்த்து நின்ற கார்

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் கிருஷ்ணம்மாள் அக்காவுக்கு, பந்தலூர் ஹரிதாஸ் விற்கவிருந்த பழைய சிவப்பு மாருதி மிகவும் பிடித்துவிட்டது. நான்கு வருடத் தவணைக் கடனுக்குப் படிவம்கூட வாங்கிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. அக்காவும் நானும் பார்க்கப் போன மூன்று முறையும் கார் இறக்கத்தைப் பார்த்தே நின்றது. சாவிக்குக் கிளம்பாத வண்டியும் இறக்கத்தில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏனுங்க, இன்னைக்கு சமமான எடத்துல நிறுத்துங்க. காலையில வந்து நானே ஸ்டார்ட் பண்றேன்" என்றார் அக்கா.

"என்னை நம்பலையா சிஸ்டர்?"

"உங்களை நம்பறனுங்க. குளிரைத்தான் நம்பல."

மறுநாள் ஏழு முறை சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியதே தவிர, கிளம்பவில்லை.

"அவசரக் கேஸ் வந்தா, நான் இறக்கம் தேடிட்டு நிக்க முடியாதுங்களே" என்று சிவப்புக் கதவை மெதுவாகச் சாத்தினார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்க மனம் வரவில்லை.