சண்டமேட்டுல நான் புடிச்ச மட்டம்

எனக்கு இந்த பேய் பிசாசு எதுலயும் துளி நம்பிக்கை கிடையாது, மொதல்லயே சொல்லிட்றேன். நாலாங்கிளாஸோட பள்ளிக்கூடத்த விட்டவன், மண்வெட்டி புடிச்சி ஆரம்பிச்சி இன்னிக்கி ஒம்போது ஜேசிபி வெச்சிருக்கேன். ஒரகடத்துலேருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் எந்த கம்பெனிக்குள்ள போனாலும் பாதி நேரம் நான் சமம் பண்ண மண்ணு மேலதான் நடப்பீங்க. மண்ணுக்குள்ள பேய் இருந்திருந்தா எனக்குத்தானே மொதல்ல தெரிஞ்சிருக்கணும்? சிரிக்கிறவங்க சிரிச்சிக்கோங்க, நடந்தத எழுதறேன்.

வல்லக்கோட்டைக்கு கொஞ்சம் தள்ளி சண்டமேடுன்னு ஒரு மேடு இருந்துச்சி. அந்தக் காலத்துல மைசூர்காரன் படையும் வெள்ளைக்காரன் படையும் அங்க மோதிக்கினதா பேச்சு. எனக்குத் தெரிஞ்சி வேலிக்காத்தானும் பத்து பனைமரமும்தான். ஆடு மேய்க்கிறவன்கூட உச்சி வேளையில அங்க போக மாட்டான். பதினஞ்சு வருஷம் முன்ன அங்க லாரி பார்ட்ஸ் கம்பெனி வந்துச்சி, மேட்ட வெட்டி சமம் பண்ணி தரை போட்ற வேலை எனக்கு.

மூணாம் நாள் மத்தியானம் ஜேசிபி பக்கெட்ல டங்குனு சத்தம். பாத்தா தேங்கா சைஸ்ல ஒரு இரும்பு குண்டு. எங்க தொழில்ல ஒரு வழக்கம், எலும்போ பழைய இரும்போ தட்டுச்சின்னா வண்டிய நிறுத்தி எலுமிச்சம்பழம் வெச்சி கற்பூரம் ஏத்தி, எடுத்த எடத்துலயே இன்னும் ஆழமா பொதச்சிடணும். டிரைவர் ஏழுமலை எறங்கி நின்னுக்கினான்.

"பொதச்சிட்லாம்ணே. எவன் உசுர குடிச்ச குண்டோ."

"குடிக்க வேண்டியத குடிச்சிட்டு தூங்குது, இனிமே இன்னாடா பண்ணும்?" னு சொல்லி வூட்டுக்கு எடுத்துக்கினு வந்து ஷோகேஸ்ல வெச்சிட்டேன். வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன்.

போன வருஷம் அந்த கம்பெனிலேருந்து போன். புது மேனேஜர், மதுரைப் பக்கத்து தம்பி.

"ஐயா, நீங்க போட்ட தரை சரிஞ்சிருக்கு போல. டிராலியெல்லாம் தானா உருளுது."

பக்கத்துலயே ரெண்டாவது ஷெட் வருது, அந்த வேலை கைய விட்டு போயிடும்னு புரிஞ்சிபோச்சி. வேலை போனா போவட்டும், நான் மட்டம் தப்பா புடிச்சேன்னு இந்த ரோட்ல ஒருத்தன் சொன்னா அப்பறம் நான் இன்னா ஆளு? மட்டம் பாக்கற தண்ணி டியூப எடுத்துக்கினு நானே கெளம்பிட்டேன்.

நம்பினா நம்புங்க, உள்ள போனதும் கண்ணு கலங்கிடுச்சி. பனைமரம் நின்ன எடத்துல ரோபோ கை வெல்டிங் அடிக்குது. ஆட்டுக்காரன் பயந்த எடத்துல தூத்துக்குடி, தேனி புள்ளைங்க சிரிச்சிக்கினு வேலை பாக்குதுங்க. ரெண்டு ராஜ்ஜியம் மோதியும் அசையாத மேட்ட நான் பதினெட்டு நாள்ல தட்டையாக்கினேன்.

டியூபோட ஒரு முனைய மேனேஜர் கையில குடுத்துட்டு நாலு மூலையும் பாத்தோம்.

"இன்னா தம்பி, தண்ணி மட்டம் சரியா கீதா?"

"ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லங்கய்யா. பிறகு ஏன் உருளுது?"

அப்ப மணி பன்னெண்டு, சாப்பாட்டு சைரன் அடிச்சிது. லைன் நின்னு எல்லாரும் கேன்டீனுக்கு போயிட்டாங்க. சத்தமே இல்ல. ஒரு காலி டிராலி மெதுவா நகர்ந்துச்சி. அப்பறம் எதிர் மூலையில ஒண்ணு. யாரும் தொடல, காத்தும் இல்ல. ஏழு டிராலி, நாலு பக்கத்துலேருந்தும் உருண்டு வந்து நடுவுல ஒரு எடத்த சுத்தி நின்னுச்சிங்க. மேனேஜர் டியூப் முனைய கீழ விட்டுட்டாரு, தண்ணி அவர் ஷூ மேலயே கொட்டிடுச்சி.

"சரிவுன்னா ஒரு பக்கந்தான போகணும்..." னு இழுத்தாரு.

"அப்ப தப்பு என் மட்டத்துல இல்லல்ல? எழுதிக் குடுங்க."

எழுதிக் குடுத்தாரு. ரெண்டாவது ஷெட்டும் நான்தான் போட்டேன். இப்ப மத்தியானத்துல டிராலிய சங்கிலி போட்டு கட்டி வெக்கிறாங்களாம்.

அதுங்க சுத்தி நின்னது குண்டு கெடச்ச எடம். அது எனக்கும் ஏழுமலைக்கும்தான் தெரியும். மேனேஜர்கிட்ட நான் சொல்லல. ஏழுமலை திரும்பக் கொண்டுபோய் பொதச்சிட சொல்றான். பொதைக்கணும்னா தரைய ஒடைக்கணும். ஒரு நூல் பிசகாத தரைய நானே ஒடைக்கிறதா?

குண்டு பத்திரமாத்தான் கீது. பதினாலு வருஷம் அசையாம கெடந்தது, நான் போய்ட்டு வந்த மறுநாள்லேருந்து உருள ஆரம்பிச்சிடுச்சி. கண்ணாடி ஒடைஞ்சிடும்னு ஒரு பித்தளை அண்டாவுல போட்டு வெச்சிருக்கேன். அண்டாவ எப்படி திருப்பி வெச்சாலும், மணி பன்னெண்டு ஆனா சண்டமேட்டுப் பக்கமாத்தான் போய் டங்குனு ஒரு தட்டு தட்டும். எங்க வூட்ல மத்தியான சோறு போட இப்ப யாரும் கடிகாரம் பாக்கறதில்ல.